இ.ஆர். முதல் தி பிட் வரை: மருத்துவமனைத் தொடர்களில் காட்டும் தீக்காய சிகிச்சை எவ்வளவு உண்மை?

#1 இரவுப்பறவை

கொஞ்ச நாளாகப் பழைய இ.ஆர். தொடரை முதல் சீசனிலிருந்து திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது சீசனில், 1996ல் ஒளிபரப்பான ஓர் எபிசோடில் ரவுல் என்கிற ஆம்புலன்ஸ் ஊழியர், எரிகிற கட்டடத்துக்குள் குழந்தைகளைக் காப்பாற்ற ஓடி, உடம்பெல்லாம் வெந்துபோய், தான் நோயாளிகளைக் கொண்டுவந்து விடுகிற அதே அவசரப் பிரிவுக்கே நோயாளியாக வருகிறார். ஆள் முழு நினைவோடு இருக்கிறார். தெரிந்தவர்களோடு பேசுகிறார். சுற்றி நிற்கிற டாக்டர், நர்ஸ் எல்லாருக்கும் அவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்திருக்கிறது. பார்த்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேட்க வந்தது இதுதான். அவ்வளவு வெந்தவர் அலறாமல் பேச முடியுமா? வேறு தொடர்களில் தீக்காய நோயாளியின் நெஞ்சிலேயே கத்தி வைத்துக் கீறுகிறார்கள், அடுத்த எபிசோடில் வெள்ளைக் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், அதற்கடுத்த எபிசோடில் ஆளையே காணோம். இதில் எது நிஜம், எது கதைக்காகச் செய்தது? மருத்துவத் துறையில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

#2 வேலு_மதுரை

தோசைக்கல்லில் விரல் பட்டாலே துள்ளிக் குதிக்கிறோம். உடம்பு முழுக்க வெந்தவர் நிதானமாக வசனம் பேசுகிறார் என்றால் அது நடிகருக்காக எழுதிய காட்சி. கடைசியாக நாலு வார்த்தை பேச வைத்தால்தான் பார்க்கிறவர்கள் அழுவார்கள். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்.

#3 பர்ன்ஸ்வார்டு_சிஸ்டர்

வேலு தம்பி, அந்தக் காட்சி நிஜம். தொலைக்காட்சியில் தீக்காயத்தைப் பற்றி வந்ததில் எனக்குத் தெரிந்து மிகச் சரியான இடங்களில் அதுவும் ஒன்று.

நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் பர்ன்ஸ் வார்டில் வேலை பார்க்கிறேன். தொண்ணூறு சதவீதம் வெந்த பெண் ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கும்போதே "சிஸ்டர், தண்ணி குடுங்க" என்று தெளிவாகக் கேட்பார். பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் எல்லாம் தானே சொல்வார். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரிப்பார். கூட வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே பேசுது, ஒண்ணும் ஆகாது" என்று தைரியமாகிவிடுவார்கள். அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வதுதான் அந்த ராத்திரியில் எங்களுக்கு மிகக் கஷ்டமான வேலை.

நம் ஊரில் மாஜிஸ்திரேட் வார்டுக்கே வந்து மரண வாக்குமூலம் வாங்குகிறாரே, அது எப்படி முடிகிறது? நோயாளி பேசும் நிலையில் இருப்பதால்தான். சுயநினைவோடு இருக்கிறார், வாக்குமூலம் கொடுக்கத் தகுதியான நிலையில் இருக்கிறார் என்று டியூட்டி டாக்டர் சொன்ன பிறகுதான் அவர் கேள்வியே கேட்பார். சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். கை விரல்கள் வெந்திருந்தால் கால் கட்டைவிரலில் ரேகை எடுப்பதும் உண்டு. கோர்ட்டில் நிற்கிற எத்தனையோ வழக்குகள் அந்தச் சில மணி நேரப் பேச்சை நம்பித்தான் நிற்கின்றன.

வலி விஷயத்துக்கு வருகிறேன். ஆழமாக வெந்த இடத்தில் தோலின் முழுக் கனமும் போய்விடுகிறது, வலியை உணர்கிற நரம்பு நுனிகளும் கூடவே போய்விடுகின்றன. அந்த இடம் வெளுத்தோ கருகியோ, பதப்படுத்திய தோல் மாதிரி விறைத்து இருக்கும், ஊசியால் குத்தினாலும் தெரியாது. சிவந்து கொப்புளம் போட்டிருக்கிற மேலோட்டமான இடம்தான் உயிர் போகிற வலி. ஆழமான காயத்தைச் சுற்றிலும் அந்த மாதிரி இடம் கட்டாயம் இருக்கும், அதனால் வலியே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வந்ததும் ரத்தக் குழாய் வழியாக மார்ஃபினோ ஃபென்டானிலோ, ஏதாவது ஒரு வலி மருந்து போகும். தசையில் ஊசி போடுவதைத் தவிர்ப்போம், ரத்த ஓட்டம் சரியாக இல்லாத நேரத்தில் மருந்து போட்ட இடத்திலேயே தங்கிவிடும்.

தலையில் அடியில்லை, ரத்தம் கொட்டவில்லை. அதனால் முதல் சில மணி நேரம் நினைவு தெளிவாகவே இருக்கும். அப்புறம்தான் ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து சதைக்குள் இறங்கி, முகம் வீங்கி, இமையைத் திறக்க முடியாமல் போகும். மறுநாள் காலையில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ராத்திரி பேசிய ஆளா இது என்று கேட்பார்கள். அந்த மறுநாளை எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

#4 மயக்கவியல்_மணி

சிஸ்டர் சொன்னது அத்தனையும் சரி. மூச்சுக்குழாய் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் தொடர்கள் அதிகம் தவறு செய்கிற இடம் அது.

மூடிய அறையில் புகையோடு சிக்கியவர் வந்தால் முதலில் மூக்கு முடி கருகியிருக்கிறதா, எச்சிலில் கரி வருகிறதா, குரல் கம்மியிருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டுவிடுவோம். காத்திருந்தால் சில மணி நேரத்தில் தொண்டை உள்பக்கம் வீங்கி அடைத்துக்கொள்ளும், அப்புறம் டியூப் நுழைய வழியே இருக்காது. தொடரில் என்ன செய்கிறார்கள்? மூச்சு நிற்கிற வரைக்கும் காத்திருந்து, மானிட்டர் கத்த ஆரம்பித்ததும் ஓடி வந்து போடுகிறார்கள். நிஜத்தில் அது ஒரு டாக்டர் வாங்கக்கூடிய மிக மோசமான கெட்ட பெயர்.

நல்ல மையங்களில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய காயம் என்றால் டியூப் போடுவதற்கு முன்னால் குடும்பத்தாருக்குச் சில நிமிடம் கொடுப்பார்கள். டியூப் போட்டபின் அவர் பேச முடியாது, வாரக்கணக்கில் மயக்கத்திலேயே இருக்க வேண்டி வரலாம், திரும்பி வராமலும் போகலாம். இரவுப்பறவை பார்த்த காட்சிக்கு இருக்கிற கனம் அதுதான். மருத்துவமும் நாடகமும் அந்த நிமிடத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

அடுத்து, விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர். தீ விபத்தில் வந்தவருக்கு அதில் 99 என்று காட்டுவார்கள், எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டால் அந்தச் சாதாரண மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது, ஆக்சிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். ஆள் உள்ளுக்குள் மூச்சுத்திணறி இறந்துகொண்டிருக்கலாம், மீட்டர் 99 காட்டும். ரத்தம் எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். அதனால் மீட்டரைப் பார்க்காமல் முழு ஆக்சிஜன் கொடுத்துவிட வேண்டும். வெறும் காற்றில் அந்த நச்சு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜனில் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் குறையும்.

அப்புறம், கசிந்துபோகிற நீருக்கு ஈடாக ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிற திரவம். டல்லாஸ் நகரத்துப் பார்க்லாண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் 1960களில் வகுத்த கணக்கை இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். 1963ல் கென்னடி சுடப்பட்டுக் கொண்டுவரப்பட்டபோது சிகிச்சை கொடுத்த டாக்டர்களில் அவரும் ஒருவர். எடை கிலோவில், வெந்த சதவீதம், இரண்டையும் பெருக்கி நாலால் பெருக்கினால் அத்தனை மில்லி ரிங்கர் லாக்டேட் என்கிற உப்புக் கரைசல், முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்கு. 70 கிலோ ஆள், 40 சதவீதம் என்றால் 11,200 மில்லி. பதினோரு லிட்டருக்கு மேல்! அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில். எட்டு மணி நேரம் என்பது தீப்பிடித்த நேரத்திலிருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. இப்போது பெரியவர்களுக்கு அதில் பாதியளவில் ஆரம்பித்து, சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று மணிக்கு மணி பார்த்துக் கூட்டிக் குறைக்கச் சொல்கிறார்கள். அளவுக்கு மீறிப் போனாலும் நுரையீரலும் வயிறும் வீங்கிச் செத்துப்போவார்கள். தீக்காய சிகிச்சையின் முதல் நாள் என்பது பெரும்பாலும் ஒரு நர்ஸ் சிறுநீர்ப் பையைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருப்பதுதான். கேமரா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

#5 இரவுப்பறவை

படிக்கப் படிக்க வேறு மாதிரி இருக்கிறது. நன்றி சிஸ்டர், நன்றி டாக்டர். இந்தச் சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? தொடரில் வந்ததும் "அறுபது சதவீதம்" என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறார்களே. நெஞ்சில் கீறுவது நிஜமா?

#6 பர்ன்ஸ்வார்டு_சிஸ்டர்

பெரியவர்களுக்கு ஒன்பதுக் கணக்கு. தலை கழுத்து ஒன்பது, ஒவ்வொரு கையும் ஒன்பது, ஒவ்வொரு காலும் பதினெட்டு, முன்பக்க உடல் பதினெட்டு, பின்பக்கம் பதினெட்டு, பிறப்புறுப்பு ஒன்று. சின்னச் சின்ன இடங்களுக்கு நோயாளியின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, ஒரு சதவீதம். குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, தலை பெரிதாகவும் கால் சின்னதாகவும் இருப்பதால் அதற்குத் தனி அட்டவணை உண்டு. வெறுமனே சிவந்திருக்கிற இடத்தைச் சேர்க்கக் கூடாது. கரியைக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் முதலில் சொன்ன எண் மாறும். ஒரே பார்வையில் சொல்வது உண்டு, அதையே கடைசி வரைக்கும் வைத்துக்கொள்வது கிடையாது.

கீறுவது நிஜம். ஆழமாக வெந்த தோல் நீளாது. கையையோ காலையோ சுற்றிலும் அப்படி வெந்திருந்தால், உள்ளே வீக்கம் கூடக் கூட ரத்தம் போக வழியில்லாமல் விரல் நுனி குளிர்ந்துபோகும். நெஞ்சைச் சுற்றி என்றால் வென்டிலேட்டரே காற்றைத் தள்ள முடியாமல் திணறும். அந்தக் கருகிய தோலை நீளவாக்கில் கொழுப்பு தெரிகிற வரைக்கும் கீறிவிட்டால் பிளந்து விலகும், உடனே நெஞ்சு ஏறி இறங்க ஆரம்பிக்கும். நேரில் பார்த்தால் மறக்க முடியாது. தொடர்காரர்களுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை, பத்து வினாடியில் பலன் தெரிகிற ஒரே சிகிச்சை இதுதான். மற்றதெல்லாம் மெதுவானது.

எவ்வளவு மெதுவென்றால், ஒரு சதவீதத்துக்கு ஒரு நாள் என்று வார்டில் சொல்வோம். நாற்பது சதவீதம் என்றால், எல்லாம் நல்லபடியாக நடந்தால், நாற்பது நாள் படுக்கை. வயதையும் சதவீதத்தையும் கூட்டிப் பார்க்கிற பழைய கணக்கும் ஒன்று உண்டு. அறுபது வயதுக்காரருக்கு நாற்பது சதவீதம் என்றால் நூறு. மூச்சில் புகை போயிருந்தால் இன்னும் பதினேழு சேர்க்க வேண்டும். ஒரு காலத்தில் நூறு என்றாலே கையை விரித்துவிடுவார்கள், இன்று வசதியுள்ள மையங்களில் நூறைத் தாண்டியவர்களும் வீட்டுக்குப் போகிறார்கள். தொடரில் வயதை வைத்து யாரும் யோசிப்பதாகக் காட்டியதில்லை.

#7 புள்ளிவிவரம்_பாலா

சிஸ்டர் சொன்ன "மெதுவானது" என்ற விஷயத்தை எண்களோடு பார்த்திருக்கிறார்கள். 2018ல் வந்த ஓர் ஆய்வில் கிரேஸ் அனாடமி என்கிற அமெரிக்க மருத்துவமனைத் தொடரின் 269 எபிசோடுகளைப் பார்த்து, அதில் வந்த விபத்து நோயாளிகள் 290 பேரை அமெரிக்காவின் தேசிய விபத்துத் தரவோடு ஒப்பிட்டார்கள். தீக்காயம் மட்டுமல்ல, எல்லா விபத்துக் காயமும் சேர்த்து. தொடரில் 22 சதவீதம் பேர் இறக்கிறார்கள், நிஜத்தில் 7 சதவீதம். அதாவது தொடர் நிஜத்தைவிடக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் பிழைத்தவர்கள் விஷயத்தில் தலைகீழ். பலத்த காயத்தோடு பிழைத்தவர்களில் பாதிப் பேர் தொடரில் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், நிஜத்தில் ஐந்தில் ஒருவர்தான். நீண்டகாலப் பராமரிப்பு மையத்துக்குப் போகிறவர்கள் தொடரில் 6 சதவீதம், நிஜத்தில் 22.

ஒன்று செத்துப்போ, இல்லை வெள்ளிக்கிழமைக்குள் எழுந்து நட. நடுவிலிருக்கிற அந்த நீண்ட காலம் தொடரில் கிடையாது. தீக்காயம் என்றால் முழுக்க முழுக்க அந்த நடுக்காலம்தானே.

#8 லெஸ்டர்_தமிழன்

இங்கிலாந்தில் 1986லிருந்து ஓடுகிற கேஷுவல்டி தொடரை எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் பார்ப்போம். பொதுவாகக் கவனமாகச் செய்வார்கள். ஆனால் எந்த நாட்டுத் தொடராக இருந்தாலும் தீ விபத்து என்றால் போர்வை சுற்றி, அள்ளிப்போட்டு, சைரன் அலற ஓடுகிறார்கள். குழாயடியில் இருபது நிமிடம் நிற்க வைப்பதைக் காட்டுவதே இல்லை. தீக்காயத்துக்குச் சாதாரண மனிதர் செய்யக்கூடிய ஒரே பெரிய சிகிச்சை அது. ஓடுகிற குளிர்ந்த தண்ணீர், இருபது நிமிடம், ஐஸ் கூடாது, மோதிரம் வளையல்களை வீங்குவதற்கு முன்னாலேயே கழற்றிவிட வேண்டும். உடனே செய்ய முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பெரிய காயம் என்றால் உடம்பின் மற்ற பாகம் குளிராமல் மூடிக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் இன்னும் பற்பசையும் இங்க்கும் இட்லி மாவும்தான் முதலில் ஞாபகம் வருகின்றன.

பார்க்கிறவர்கள் அதைப் பின்பற்றுவார்களா என்று கேட்கலாம். 1996ல் கேஷுவல்டியில் ஒருவர் பாராசிட்டமால் அதிகமாக விழுங்குவதாகக் காட்டினார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அப்படி மருத்துவமனைக்கு வந்தவர்கள் 17 சதவீதம் கூடினார்கள் என்று 1999ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆய்வு வந்தது. கெட்டதைப் பார்த்துச் செய்கிறவர்கள் இருக்கும்போது, குழாயைத் திறந்து கையை நீட்டுகிற காட்சியையும் சிலராவது மனதில் வைத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

#9 எழுத்தறை

நான் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதுகிறவன், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். தீக்காய மேக்கப் போட மணிக்கணக்காகும், விளக்கு வெளிச்சத்தில் உருகும், ஒவ்வொரு நாளும் முந்தின நாள் போட்டது மாதிரியே இருக்க வேண்டும். முகம் தெரியாமல் கட்டுப்போட்டால் நடிகர் நடிக்க முடியாது, சேனல்காரர்கள் சாப்பிடும் நேரத்தில் ஒளிபரப்பாகிறது என்பார்கள். அதனால் கன்னத்தில் ஒரு சிவப்புத் திட்டு, கையில் ஒரு கட்டு. மூன்று மாதம் படுக்கை என்றால் அந்த நடிகருக்கு மூன்று மாதம் கால்ஷீட். இதெல்லாம் நியாயம் என்று சொல்ல வரவில்லை, இப்படித்தான் முடிவாகிறது என்று சொல்கிறேன். 2025ல் வந்த தி பிட் மாதிரி ஒரு மணி நேரம் ஒரு எபிசோடு, பதினைந்து எபிசோடில் ஒரே ஷிப்ட் என்று அமைத்தால் முதல் சில மணி நேரத்தை மிக நேர்மையாகக் காட்டிவிடலாம். ஆனால் அந்த வடிவத்திலும் நோயாளி அவசரப் பிரிவிலிருந்து மாடியிலுள்ள வார்டுக்குப் போனதும் கதையிலிருந்து போய்விடுவார்.

#10 வேலு_மதுரை

சிஸ்டர் சொன்ன மரண வாக்குமூல விஷயம் என்னை யோசிக்க வைத்தது, அந்தக் காட்சியைப் பற்றி இனி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. கதை என்பது கதைதான். போலீஸ் தொடரில் போலீஸ் வேலை சரியாகக் காட்டவில்லை என்று யாரும் வருத்தப்படுவதில்லை. தீக்காயத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கணக்குக் கேட்கிறோம்?

#11 யாழினி_அம்மா

வேலு, நான் பதில் சொல்கிறேன். கொதிக்கிற குழம்புச் சட்டி கவிழ்ந்து என் மகளுக்கு நெஞ்சும் வலது கையும் கழுத்தும் வெந்தபோது அவளுக்கு நாலு வயது. எனக்குத் தீக்காயம் பற்றித் தெரிந்ததெல்லாம் டிவியில் பார்த்ததுதான். கட்டுப்போடுவார்கள், ஒரு ஆபரேஷன் இருக்கும், கட்டைப் பிரிப்பார்கள், வீட்டுக்கு வருவோம். அந்த நம்பிக்கையில்தான் முதல் வாரம் ஓடியது.

டிரெஸ்ஸிங் மாற்றுவது என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒட்டியிருக்கிற துணியைத் தண்ணீர் விட்டு நனைத்து ஓரம் ஓரமாகப் பிரிப்பார்கள். முதலில் சேர்த்த இடத்தில் வலிக்குச் சரியாக மருந்து கொடுக்காமலேயே பிரித்தார்கள், குழந்தை அழத்தான் செய்யும் என்றார்கள். வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு கெட்டமைன் என்கிற மயக்க மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் செய்தார்கள். அப்போதுதான் இப்படியும் செய்யலாம் என்றே எனக்குத் தெரிந்தது. டிவியில் ஒரு தடவை இதைக் காட்டியிருந்தால் முதல் நாளே வாய் திறந்து கேட்டிருப்பேன்.

தொடையிலிருந்து தோல் எடுத்து நெஞ்சில் வைத்தார்கள். வைத்த இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கிறது என்று அழுதாள். அந்தத் தோலை வலை போல விரித்து வைப்பதால் அந்தக் கட்டம் கட்டமான அடையாளம் இன்றைக்கும் இருக்கிறது, டிவியில் எந்தத் தழும்பிலும் அதை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அரிப்பு. ராத்திரியெல்லாம் சொறிவாள், நான் எண்ணெய் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கமான உடுப்பு ஒன்று தைத்துக் கொடுத்தார்கள், குளிக்கிற நேரம் தவிர நாளெல்லாம் போட வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேல். நம் ஊர் மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நினைத்துப் பாருங்கள். குழந்தை வளரும், தழும்பு வளராது. அதனால் கழுத்து ஒரு பக்கமாக இழுக்கும், மறுபடி ஆபரேஷன்.

கதைதானே என்று விட்டுவிடலாம் தம்பி. ஆனால் "ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் ஏன் ஆஸ்பத்திரிக்கு அலையுறீங்க" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

#12 வேலு_மதுரை

அக்கா, பதில் கிடைத்துவிட்டது. பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள்?

#13 யாழினி_அம்மா

நன்றாக இருக்கிறாள். கையை முழுக்க நீட்டுகிறாள். கழுத்துக்கு இன்னும் பிசியோ போகிறோம்.

#14 சீரியல்_பார்வையாளர்

நம் தமிழ்த் தொடர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. தீ விபத்து, முகம் முழுக்கக் கட்டு, பிளாஸ்டிக் சர்ஜரி, கட்டைப் பிரித்தால் வேறு நடிகை. விலகிப்போன நடிகைக்குப் பதில் புது ஆளைக் கொண்டுவர இது ரொம்ப நாளாக நடக்கிறது. நிஜத்தில் அப்படி முடியுமா?

#15 மயக்கவியல்_மணி

முடியாது. முகமாற்று அறுவை சிகிச்சை என்பது இருக்கிறது, அதன் கதையைக் கேளுங்கள். பேட்ரிக் ஹார்டிசன் என்கிற அமெரிக்கத் தீயணைப்பு வீரருக்கு 2001ல் பணியின்போது முகம் முழுக்க வெந்தது. அதன்பின் எழுபதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். 2015ல் நியூயார்க்கில் டாக்டர் எட்வர்டோ ரோட்ரிகஸ் தலைமையில் நூறு பேருக்கு மேல் சேர்ந்து 26 மணி நேரம் செய்த அறுவை சிகிச்சையில்தான் இறந்துபோன ஒருவரின் முகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. இமை மூடித் தூங்க முடிவதே அவருக்குப் பெரிய விஷயம். உடல் அந்த முகத்தை ஒதுக்கிவிடாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும்.

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். "என் தோலை எடுத்துக்கங்க டாக்டர்" என்று அண்ணன் கதறுவார், எடுத்து வைப்பார்கள், தங்கை குணமாகிவிடுவாள். அடுத்தவர் தோலை உடம்பு சில வாரத்தில் தள்ளிவிடும், ஒரே கரு இரட்டையர் தவிர. அதுவரைக்கும் காயத்தை மூடி வைக்க உதவும் என்பதால் இறந்தவர்களிடமிருந்து தானமாகப் பெற்ற தோலைப் பயன்படுத்துகிறோம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், தோலின் மேல் அடுக்கு மட்டும்தான், கிளிசராலில் போட்டுக் குளிர்ந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். கண் தானம் என்றால் எல்லாருக்கும் தெரிகிறது, தோல் தானம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். ஒரு தொடரில் அதை ஒழுங்காகக் காட்டினால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

#16 பழைய_வக்கீல்

டிரெஸ்ஸிங் பற்றி யாழினி அம்மா எழுதியதும் டாக்ஸ் கோவார்ட் ஞாபகம் வந்தது. டெக்ஸாஸ்காரர். 1973ல் எரிவாயு வெடிப்பில் அப்பாவை இழந்தார், தனக்குப் பார்வையும் விரல்களும் போயின. முதல் நாளிலிருந்து என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். டாக்டர்கள் கேட்கவில்லை. மாதக்கணக்கில் தொட்டியில் இறக்கிக் காயத்தைக் கழுவினார்கள், அந்தக் காலத்தில் வலி மருந்தும் இவ்வளவு தாராளமாகக் கிடையாது. பிழைத்தார், சட்டம் படித்து வக்கீலானார், 2019ல் காலமானார். வாழ்க்கை நன்றாக அமைந்ததாகச் சொன்னார், ஆனாலும் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்பதைக் கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் மருத்துவ அறம் படிக்கிறவர்களுக்கு இது முக்கியமான பாடம். முதல் மணி நேரத்தை மட்டும் காட்டுகிற தொடரில் இந்தக் கேள்வியே எழ வாய்ப்பில்லை.

#17 இரவுப்பறவை

இன்னும் ஒன்று கேட்டுவிடுகிறேன். ஹவுஸ் தொடரில் 2006ல் வந்த ஒரு எபிசோடில் தீக்காயம் பட்ட பையனுக்கு நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒட்ட முடியாது என்று பழைய காலத்து கால்வனோமீட்டரை, அதாவது சின்ன மின்னோட்டத்தை அளக்கிற கருவியை, கொண்டுவருகிறார்கள். அது சாத்தியமா?

#18 மயக்கவியல்_மணி

கருவி நிஜமானது, ஐந்தோவன் என்கிற டச்சு விஞ்ஞானி ஈ.சி.ஜி.யைக் கண்டுபிடித்தபோது கை கால்களை உப்புத் தண்ணீரில் வைத்துத்தான் அளந்தார். ஆனால் பர்ன்ஸ் வார்டில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வேகாத இடம் எங்கே இருக்கிறதோ, தோளோ தொடையோ, அங்கே ஒட்டுவோம். அதுவும் இல்லையென்றால் தோலில் ஸ்டேப்பிள் ஊசி போட்டு அதில் கிளிப்பை மாட்டிவிடுவோம். தினசரி வேலை அது.

#19 எழுத்தறை

சிஸ்டர், டாக்டர், யாழினி அம்மா, மூன்று பேரிடமும் ஒரு உதவி. இப்போது எழுதிக்கொண்டிருக்கிற கதையில் 35 சதவீதத் தீக்காயத்தோடு ஒரு பெண் வருகிறார், வயது முப்பது. மூன்று வாரத்தில் தங்கை கல்யாணத்தில் நிற்பதாக எழுதியிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். செலவில்லாமல், மேக்கப்பில் பெரிதாக எதுவும் செய்யாமல், எதையெல்லாம் காட்டினால் உங்களுக்கு இது நிஜம் என்று தோன்றும்?

#20 யாழினி_அம்மா

ஸ்பூன். கட்டுப்போட்ட கையில் ஸ்பூன் நிற்காது, கைப்பிடியில் துணி சுற்றித் தடியாக்கிக் கொடுப்பார்கள். அதைப் பிடித்துத் தானே ஒரு வாய் சாப்பிடுகிற நாளைக் காட்டுங்கள். அப்புறம் கண்ணாடி. வார்டில் கண்ணாடி இருக்காது, முதல் தடவை எங்கே பார்க்கப்போகிறார் என்று யோசித்து எழுதுங்கள், லிஃப்ட் கதவாகவோ ஜன்னலாகவோகூட இருக்கும்.

#21 பர்ன்ஸ்வார்டு_சிஸ்டர்

அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், எங்களுக்கு வியர்த்துக் கொட்டும். தோல் இல்லாத உடம்பு சூட்டைப் பிடித்து வைக்காது, ஏசி போட்ட அறையில் மெல்லிய போர்வையோடு படுக்க வைக்காதீர்கள். மூக்கில் சாப்பாட்டுக் குழாய் வேண்டும், உடம்பு சும்மா படுத்திருக்கும்போதே சாதாரணமாகச் செலவழிப்பதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எரிசக்தியைச் செலவழிக்கும், முட்டையும் பாலும் கொடுத்துக்கொண்டே இருப்போம், அப்படியும் எலும்பாகிவிடுவார்கள். கழுத்து வெந்திருந்தால் தலைக்குக் கீழே தலையணை வைக்கக் கூடாது, வைத்தால் தாடை நெஞ்சோடு ஒட்டி இறுகிவிடும். எந்தத் தொடரைப் பார்த்தாலும் பஞ்சுத் தலையணையில் சாய்த்து வைத்திருப்பார்கள், அதை எடுத்தாலே எங்களுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

டிரெஸ்ஸிங் காட்சி எழுதினால், பிரிப்பதற்கு முன்னாலேயே வலி மருந்து போவதையும், மருந்து வேலை செய்ய நர்ஸ் காத்திருப்பதையும் எழுதுங்கள். "போதுமா, இன்னும் வேணுமா" என்று நோயாளியிடம் கேட்கிற மாதிரி ஒரு வசனம் போதும். வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படிக் கேட்கலாம் என்று தெரியும்.

#22 எழுத்தறை

குறித்துக்கொண்டேன். அந்தக் காட்சியை எழுதியதும் இங்கேயே போடுகிறேன், படமெடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை படித்துவிட வேண்டும்.

#23 பர்ன்ஸ்வார்டு_சிஸ்டர்

போடுங்கள். இந்த வாரம் நைட் டியூட்டி, காலையில் வந்து படிக்கிறேன்.